மழையில் மனை காட்டியவர்

ஆவணி மாதம். வெயில் ஏறுவதற்கு முன்னால் உப்பு வாரிவிடலாம் என்று பாத்தியில் இறங்கியிருந்தேன். வரப்பில் வைத்திருந்த சாப்பாட்டுப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் ‘லூர்து தம்பி’ என்று பெயர் வந்தது. உப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, காதில் வைத்ததும் வைக்காததுமாக, “இன்னா முதலாளி, மானத்துல ஒரு மேகம் இல்ல, அதுக்குள்ள தூக்கத்துலருந்து எழுந்துட்டியா?” என்றேன்.

அந்தப் பக்கம் அவர் மனைவி ஜெசிந்தாவின் குரல் வந்தது.

“மல்லிகாக்கா, காலைல எழுப்பனேன். எழுந்திருக்கவே இல்லக்கா.”

நான் அவருக்குச் சொன்ன கேலிகளில் அது ஒன்றுதான் அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

கல்லறைத் திருநாளுக்கு உங்கள் பங்குக் கோயிலில் போடுகிற நினைவு மலரில் லூர்துசாமியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் கோயிலுக்கு வருகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் மாரியாத்தாதான். ஆனால் அவரிடம் வேலை பார்த்தவள் என்பதால் கேட்டார்கள். நன்றாகப் படித்தவர் யாராவது எழுதியிருந்தால் அவரை மகான் ஆக்கியிருப்பார். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் கொடுத்ததால் தம்பி தப்பித்தார்.

உங்களில் சிலர் அவரிடம் மனை வாங்கியிருப்பீர்கள். சிலர் பாட்டுக்குழுவில் அவருக்குப் பக்கத்தில் நின்று காது வலி வாங்கியிருப்பீர்கள். எனக்கு அவர் முதலாளி. மரக்காணம் மெயின் ரோட்டில், டயர் கடையை ஒட்டிய ஒற்றை அறையில் நிலம் வாங்கி விற்கிற ஆபீஸ் வைத்திருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், எடையில் ரொம்பப் பெரியவர். அவர் என்னை அக்கா என்பார். நான் அவரைத் தம்பி என்பேன், கோபமோ கேலியோ வந்தால் மட்டும் முதலாளி என்பேன்.

அவரிடம் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.

உப்பளத்து வேலை தை பிறந்து தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் ஓடும். மழை விழுந்தால் முடிந்தது. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீராகிவிடும். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து வானத்தைத் திட்டுவோம். அந்த மாதங்களுக்கு ஒரு வேலை வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இந்தப் பக்கம் எந்த நிலம் யாருடையது, எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை, யார் விற்கிற நினைப்பில் இருக்கிறார் என்பதெல்லாம் உப்பு சுமக்கிற பெண்களுக்குத் தெரியாமல் இருக்காது. புரோக்கர்கள் என்னிடம் வந்து விசாரிப்பார்கள். சொன்னால் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார்கள். கிரயம் முடிந்ததும் அவர்கள் புது பைக்கில் போவார்கள். நான் அந்த டீயின் ருசியை நினைத்துக்கொண்டு நிற்பேன்.

என் மகள்தான், “டீ குடிச்சது போதும்மா, நீயே ஏஜெண்டு ஆயிடு” என்று கம்ப்யூட்டர் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அரசாங்கத்தில் பதிவு செய்தோம். என் பெயருக்கு ஒரு நம்பர் வந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “ஆபீசரம்மாவுக்கு இனிமே நான்தான் சோறு போடணுமா?” என்றார். “போடு, மீனுல தலைத் துண்டா பாத்து போடு” என்றேன்.

நம்பர் வந்தால் போதும் என்று நினைத்தேன். போதாது. உப்பளத்துக்காரி தனியாகப் போய் நின்றால் லேஅவுட் போட்டவர் மனையைக் காட்டுகிற வேலையைக் கொடுக்கமாட்டார். பார்ட்டியும் நம்பி வண்டியில் ஏறமாட்டார். வாங்க வருகிறவர்களை எங்கள் தொழிலில் பார்ட்டி என்பதுதான் வழக்கம். அதனால் ஏதாவது ஓர் ஆபீசின் நிழலில் உட்கார வேண்டும். சரி என்று, பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போகிற மாதிரி நான் ஆபீஸ் பார்க்கக் கிளம்பினேன். எனக்கு இருந்தது ஒரே நிபந்தனை. உப்பை விடமாட்டேன். வெயிலுக்குப் பாத்தி, மழைக்கு மனை. இதற்கு ஒத்துக்கொள்கிற இடமாக இருக்க வேண்டும். தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தால் இரண்டு சோறும் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

முதலில் பொம்மையார்பாளையத்தில் ஒரு பெரிய கம்பெனி. கண்ணாடிக் கதவு. தள்ளுவதா, இழுப்பதா என்று தெரியாமல் நான் படுகிற பாட்டை உள்ளே இருந்தவர்கள் டிவி பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜருக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

“ஆன்ட்டி, கமிஷன்ல பெரிய பங்கு உங்களுக்குத்தான். டி-ஷர்ட் நாங்களே குடுப்போம். தினம் காலைல ஆபீசுக்கு வந்து ரிப்போர்ட் பண்ணணும். மாசா மாசம் டார்கெட் உண்டு.”

“டி-ஷர்ட்ட புடவைக்கு மேல போடறதா, உள்ள போடறதா தம்பி?”

அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் பாதி மனசு விட்டுப்போயிற்று.

“உப்பு சீசன்ல எப்புடிங்க?” என்று கேட்டேன்.

“அத விட்டுடுங்க ஆன்ட்டி. பாதி நாள் வர்றவங்கள வச்சிக்னு நாங்க என்ன பண்றது?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு அவர் கம்பெனி. ஆனால் அந்த ஏசியில் எனக்கு வியர்த்தது.

அடுத்தது கிளியனூர். அங்கே என் அத்தை மகன் ஒருவர் நிலத் தொழில் செய்துகொண்டிருந்தார். காபி, மிக்சர் எல்லாம் வந்தது. “ஒனக்கு எதுக்கு மல்லி அலைச்சல்? அந்த நம்பர எங்கிட்ட குடுத்துட்டு நீ உப்பளத்துக்கே போ. வேலைய நான் பாத்துக்கறேன். மாசமானா ஏதாவது வரும்” என்றார். கேட்கக் குளுகுளுவென்று இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, அவர் பதிவே செய்யவில்லை. என் நம்பரைத் தன் போர்டில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்.

“நாளைக்கு எவனாவது ஏமாந்துட்டேன்னு வந்தா, யாரு வூட்டு கதவ தட்டுவான் மாமா?”

“ஒன் வூட்டதான்” என்றார் சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டேன். சின்ன வயதில் என்னைப் பெண் கேட்டு வந்தவர் இவர். அன்றைக்கு வேண்டாமென்று சொன்ன என் அப்பாவை, திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரு தரம் கும்பிட்டுக்கொண்டேன்.

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே டயர் கடை. பக்கத்தில் திறந்து கிடந்த ஆபீஸ். உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தின் மேல் செய்தித்தாள். உச்சி வெயில் நேரம்.

கதவைத் தட்டினேன்.

“யாரு?” என்றது செய்தித்தாள்.

“ஏஜெண்டு.”

“ஏஜெண்டு நான்தான்.”

“நானும்தான் தம்பி. நம்பர் வந்துட்டுது.”

பேப்பரை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததைவிட என் பாதத்தைத்தான் பார்த்தார். உப்பில் நிற்கிற கால் எப்படி வெடித்திருக்கும் என்பது இந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“உப்பளமாக்கா?”

“ஆமா. அத வுட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் சண்ட வரக் கூடாது.”

“எப்பதான் ஃப்ரீயா இருப்ப?”

“மழைக்குத்தான். மத்த நேரம் என்ன தேடாத.”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி அழுதது. “எங்கக்கா இருந்த இத்தினி நாளா? எனக்கு சீசனே அப்பத்தான!” என்றார். அந்தக் குரலை இப்போதும் கேட்கிறேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழையில் யாராவது நிலம் வாங்குவார்களா? வெயில் காலத்தில், ஞாயிற்றுக்கிழமையில், கலர் கொடி கட்டி, மோர் கொடுத்துத்தானே எல்லோரும் மனை விற்கிறார்கள்? அதைக் கேட்டபோது அவர் சொன்னதை நீங்களும் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள்.

“வெயில்ல பாத்தா எல்லா மனையும் நல்ல மனைதான்க்கா. தண்ணி வந்தாதான் அதோட கொணம் தெரியும். என் ஆபீசுல வெயில் காலத்துல யாருகிட்டயும் அட்வான்ஸ் வாங்க மாட்டேன். பேரும் நம்பரும் குடுத்துட்டு போவட்டும். மழைக்கு நானே கூப்புடுவேன். வந்து தண்ணில நின்னு பாத்துட்டு வாங்கட்டும்.”

“எவன் வருவான்?”

“நெறைய பேர் வர மாட்டான். வர்றவன் வாங்குவான்.”

“அப்ப வெயில் காலத்துல நீ இன்னா பண்ணுவ?”

“பாத்தியே இப்ப” என்று செய்தித்தாளைக் காட்டினார்.

கமிஷனில் பாதிக்குப் பாதி என்றார். கம்பெனி சொன்னதைவிடக் குறைவுதான். டி-ஷர்ட் கிடையாது, ஏசி கிடையாது. மின்விசிறி சுற்றும்போது யாரோ இருமுவது போலச் சத்தம் வரும். ஆனால் உப்பை விடு என்று சொல்லாத ஒரே ஆபீஸ் அது. எனக்கு வேலை இல்லாத மாதம்தான் அவருக்கு ஆள் வேண்டிய மாதம். சம்பந்தம் இவ்வளவு பொருத்தமாக என் கல்யாணத்தில்கூட அமையவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருடம் ஐப்பசியில் நான் செய்த முதல் வேலையைச் சொன்னால் இன்றைக்கும் டயர் கடையில் சிரிப்பார்கள்.

கீழ்புத்துப்பட்டு பக்கம் ஒரு மனை. சென்னையிலிருந்து வேலை ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நல்ல மழை பெய்து காலையில்தான் விட்டிருந்தது. லூர்து தன் பழைய ஆம்னி வேனை ரோட்டோரம் ஓரங்கட்டிக்கொண்டிருந்தார். நான் அவர்களை அழைத்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டேன். மனை முழுக்கக் கணுக்கால் தண்ணீர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாத்தி கட்டுகிற எங்களுக்கு, தண்ணீர் கீழே இறங்கக் கூடாது. களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து, ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாதபடி செய்தால்தான் மேலே உப்பு பூக்கும். அதனால் தண்ணீர் அப்படியே நிற்கிற நிலத்தைப் பார்த்தால் எங்களுக்குச் சோறு சாப்பிட்ட மாதிரி இருக்கும். அந்த மனையில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தேன். வெண்ணெய் மாதிரி களி. என் வாய் சும்மா இருக்குமா?

“சார், இந்த மாதிரி மண்ணு தேடனாலும் கெடைக்காது சார். பாருங்க, மழை வுட்டு எவ்ளோ நேரமாவுது, ஒரு சொட்டு உள்ள இறங்கல. இன்னும் ஒரு வாரத்துக்கு இப்புடியேதான் நிக்கும். அவ்ளோ சுத்தமான களி!”

அந்த அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இதுலயா வீடு கட்டறது?” என்றார்.

“வீடா?” என்றேன்.

அப்போதுதான் நான் எதை விற்க வந்திருக்கிறேன் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

இருவரும் புடவையையும் பேண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேனுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகு லூர்து வேனை ஓரமாக நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். வேன் ஆடியது. நிமிர்ந்து பார்த்தால், ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நாளைலருந்து நான் வரல தம்பி.”

“ஏன்?”

“ஒன் பார்ட்டிய வெரட்டிட்டேனே.”

“எங்க வெரட்டன? அந்த மனை வேணாம்னு நான் சொல்லியிருந்தா, புரோக்கர் வேற எதையோ தள்ளப் பாக்கறான்னு நெனைச்சிருப்பாங்க. நீ இவ்ளோ சந்தோஷமா சொன்ன பாரு, ஒடனே நம்பிட்டாங்க. இனிமே மண்ண பாக்கற வேலை ஒன்னுது. ஆனா சிரிச்ச மூஞ்சியோட சொல்லாதக்கா, எனக்கு வண்டி ஓட்ட முடியல.”

மறுநாள் அந்த மனைக்குச் சொந்தக்காரர் ஆபீசுக்கே வந்துவிட்டார். “என் நிலத்துல தண்ணி நிக்குதுன்னு எவ சொன்னது?” என்று சத்தம் போட்டார். நான் மேஜைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். லூர்து இருக்கும்போது அங்கே வேறு யாருக்கும் இடம் இருக்காது.

“தண்ணிதாங்க சொன்னது” என்றார் லூர்து. “இன்னும் அங்கதான் இருக்குது. வேணும்னா போய் கேளுங்க.”

அவர் தன் மனையை வேறு ஆபீசுக்குக் கொடுத்துவிட்டார். வெயில் காலத்தில் அது விற்றும் போயிற்று. அடுத்த மழைக்கு அந்த வழியாகப் போனோம். வாங்கியவர்கள் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். லூர்து, “பாவம்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினார். அதை வைத்து அவர் ஒரு பெருமைப் பேச்சும் பேசி நான் கேட்டதில்லை.

அந்தச் சென்னை அம்மா பிறகு போன் செய்தார். “மனை பாக்க வர்றோம். அந்தக் களிமண்ணம்மா கூட வருவாங்கதானே?” என்று கேட்டார். மேடான ஒரு மணல் மனையை மழை நாளில் வந்து பார்த்து வாங்கினார்கள். வீடு கட்டிக் குடி வந்துவிட்டார்கள். இன்றைக்கும் அவர்களுக்கு நான் களிமண்ணம்மாதான்.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். ஒரு வருடம் மழை பொய்த்தது. கார்த்திகை முடியப்போகிறது, ரோட்டில் புழுதி பறக்கிறது. பேர் கொடுத்தவர்கள் போன் செய்து பார்த்துவிட்டு வேறு ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். இவர் வாசலில் நாற்காலியைப் போட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் வரும்படி இல்லை. ஜெசிந்தா வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பவள். ஒருநாள் கழுத்தில் டேப்பைப் போட்டபடியே ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

“ஊர்ல இருக்கறவன் எல்லாம் வெயில்ல விக்கறான். நீங்க மட்டும் மேகத்துக்கு காவல் உக்காந்திருங்க.”

“கர்த்தர் குடுக்கும்போது குடுப்பாரு ஜெசி.”

“கர்த்தர் தண்ணிய குடுப்பாரு. மளிக சாமான யாரு குடுப்பா?”

“அக்கா, நீ சொல்லேன் இவகிட்ட” என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

“நான் இன்னா சொல்றது? எனக்கும் மளிக சாமான் வேணும் முதலாளி” என்றேன்.

இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டால் எந்த மேகம் வந்து காப்பாற்றும்? இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு பார்ட்டியை அழைத்துக்கொண்டு வெயிலிலேயே கிளம்பிவிட்டார். ஆனால் மனைக்குப் போகவில்லை. மனைக்குப் பக்கத்து வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். அந்த வீட்டுச் சுவரில் பழைய வெள்ளம் விட்டுப்போன கறை முழங்கால் உயரத்தில் கோடு போட்ட மாதிரி இருந்தது. “அத பாருங்க சார், போன மழை கையெழுத்து போட்டுட்டு போயிருக்குது” என்றார். வீட்டுப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, தண்ணீர் எப்போது வந்தது, எப்போது வடிந்தது என்று விசாரிப்பது என் வேலை ஆயிற்று. எனக்கு அதைவிட இனிப்பான வேலை ஏது? மனை விவரத்தோடு மாமியார் மருமகள் விவரமும் கிடைத்தது. அந்த வருடம் கொஞ்சமாவது பிழைத்தோம். ஜெசிந்தா சத்தம் போட்டிருக்காவிட்டால் அவர் இன்னும் மேகம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அதை அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார். அவளிடம் சொல்லாதே என்றும் சொன்னார். இப்போது சொல்லிவிட்டேன்.

அவரை அடக்கம் செய்த அன்றைக்கு மண் வெடித்துக் கிடந்தது. வெயில் காலத்திலே போய்விட்டாரே, அவருடைய சீசன் வருவதற்குள் போய்விட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மூலமாக வாங்கி வீடு கட்டியவர்கள் வந்திருந்தார்கள். களிமண்ணம்மா என்று கூப்பிடுகிற அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க வீட்டுக்குள்ள இதுவரைக்கும் தண்ணி வரலம்மா” என்றார். அதைவிட நல்ல இரங்கல் பேச்சு அன்றைக்கு யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பழைய கேள்வி மறுபடியும் வந்தது. யார் ஆபீசில் உட்காருவது?

பொம்மையார்பாளையத்து மேனேஜர் போன் செய்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. “ஆன்ட்டி, மழை சீசனுக்கு மட்டும் வந்தா கூட போதும். மண்ணு பாக்க உங்கள மாதிரி ஆள் வேணும்” என்றார். நான் ஒரு காலத்தில் எதைக் கேட்டு அந்தக் கண்ணாடிக் கதவோடு மல்லுக்கட்டினேனோ, அதையே தட்டில் வைத்துக் கொடுக்கிறார். ஆசை வரவில்லை என்றால் பொய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜெசிந்தாவிடம் சொல்லிவிடலாம் என்று ஆபீசுக்குப் போனேன். அவள் நாற்காலிகளைத் துடைத்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“போர்ட எறக்கிடலாம்னு இருக்கறேன்க்கா. பதிவு அவர் பேர்ல இருந்தது, அவரோட போச்சு. சும்மா வாடக குடுத்துக்னு இன்னா பண்றது? நீ அந்தக் கம்பெனிக்கு போ. அவருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்.”

அதற்குள் மேஜையில் இருந்த லூர்துவின் போன் அடித்தது. அவள் எடுத்தாள். யாரோ திண்டிவனத்துக்காரர். “சார் மழைக்கு கூப்புடறேன்னு சொல்லியிருந்தாரும்மா. இந்த வருஷம் எப்ப ஆரம்பிக்குது?” என்று கேட்கிறார். பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்டது. ஜெசிந்தா கண்ணால் என்னைப் பார்த்தாள்.

நான் போனை வாங்கி, “மொத மழை வுட்டதும் கூப்புடறோம் சார்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

“யாருக்கா கூப்புடுவாங்க?”

“நீதான். போன் ஒங்கிட்டதான இருக்குது.”

“எனக்கு நிலத்த பத்தி இன்னா தெரியும்? துணி வெட்டத் தெரியும்.”

“எனக்கு மண்ணு தெரியும். பதிவு எம் பேர்ல இருக்குது. ஒங்கிட்ட ஆபீஸ் இருக்குது, வண்டி இருக்குது. அவரு இந்த மாதிரி எத்தினி பேருக்கு வாக்கு குடுத்து வச்சிருக்கறாரோ, அவங்க எல்லாம் யாருகூட போய் தண்ணில நிப்பாங்க?”

அவள் அடுக்கியதில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, “வெயில் காலத்துல நீ உப்பளத்துக்கு போயிடுவ. அப்ப இங்க நான் தனியா இன்னா பண்ணுவேன்?” என்றாள்.

“தூங்கு. அதுக்குத்தான் அந்த நாற்காலி.”

அவர் போனதிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் இரண்டு டீ சொல்லிவிட்டுப் போனார். மேனேஜருக்கு அன்றைக்குச் சாயங்காலமே போன் செய்து, நன்றி தம்பி, எனக்கு ஆபீஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஜெசிந்தா பெயரிலும் பதிவுக்குப் போட்டிருக்கிறோம். அது வரும் வரைக்கும் போனும் வண்டியும் அவள், மனை காட்டுவது நான். ஸ்கூட்டி ஓட்டுகிறவளுக்கு வேன் ஓட்ட வராதா என்று என் மகள் அவளை ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டாள். லைசென்சும் வந்துவிட்டது. ரிவர்ஸ் மட்டும் இன்னும் வரவில்லை.

மழையும் வந்துவிட்டது. இந்த சீசனுக்கு முதல் பார்ட்டி, பாண்டிச்சேரியில் வேலை செய்கிற ஒரு நர்சம்மா. பேர் கொடுத்து இத்தனை மாதம் காத்திருந்தவர். மனையில் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். எனக்கு நாக்கு துடித்தது. அந்த மண்ணைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகச் சொல்ல என்னிடம் ஒரு மூட்டை இருந்தது.

லூர்து அந்த நேரத்தில் பேசவே மாட்டார். பார்ட்டி தண்ணீரில் இறங்கிவிட்டால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நிற்பார். அவர்களாக நடந்து, அவர்களாகக் கரையேறி, அவர்களாக வாயைத் திறக்கிற வரைக்கும் நிற்பார். “நம்ம ரெண்டு பேரும் பேசனா தண்ணி எப்பக்கா பேசும்?” என்று என்னை அதட்டியிருக்கிறார். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அதுதான். ஆபீஸ் ஜெசிந்தாவுடையது, வேனும் அவளுடையது. வாயை மூடிக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் என்னுடையது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சொத்து என்று புரியும்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நர்சம்மா அந்த மூலை வரைக்கும் போனார். நின்றார். காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். திரும்பி வந்து, “இந்த மூலையில தென்னை வச்சிக்கலாம். வீட்ட அந்தப் பக்கமா தள்ளி கட்டலாம் இல்லம்மா?” என்றார்.

“கட்டலாங்க. நாளைக்கும் ஒரு தடவ வந்து பாத்துடுங்க, தண்ணி இருக்குதா போச்சான்னு.”

“வர்றேன்” என்றார்.

ஜெசிந்தா வண்டியைத் திருப்பப் போய் பின்சக்கரத்தைச் சேற்றில் இறக்கிவிட்டாள். நர்சம்மா கேட்காமலேயே புடவையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் சேர்ந்து தள்ளினோம். முகமெல்லாம் சேறு. வண்டி ஏறிவிட்டது.